எச்-இண்டெக்ஸ் 31 என்றால் என்ன?

கோட்டையூரில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சியின் பேத்தி பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பிஎச்.டி. செய்ய கைடு தேடிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆச்சி ஒரு தாளோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பேத்தி மனதில் வைத்திருக்கும் பேராசிரியரின் விவரத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். புற்றுநோய் செல்களில் ஆராய்ச்சி செய்பவர். தாளின் தலைப்பில் நான்கு எண்கள் இருந்தன. கட்டுரைகள் 142. மேற்கோள்கள் 3,860. எச்-இண்டெக்ஸ் 31. ஐ10-இண்டெக்ஸ் 78.

“தம்பி, ‘பெரிய ஆளு ஆயா’ன்னு பிள்ளை சொல்றா. நாலு வருசமோ அஞ்சு வருசமோ இவர்கிட்ட இருக்கப் போறா. இது நல்ல கணக்கா, இல்ல பெரிய கணக்கு மட்டுந்தானா?”

ஆச்சியின் மாமனார் பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர். அந்த வீட்டில் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன, ஆச்சிக்கு அவற்றைப் படிக்கவும் தெரியும். நான் கல்லூரியில் முப்பது வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன். இந்த எண்களை மட்டும் நம்பி கைடைப் பிடித்த பிள்ளைகளையும், எண்களைப் பார்க்கவே பார்க்காமல் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அன்று திண்ணையில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பிஎச்.டி. யோசிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் மேற்கோள் என்றால் என்ன என்று பார்ப்போம். ஆய்வகங்களில் இதை சைட்டேஷன் என்றுதான் சொல்வார்கள். ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, தனக்கு முன்னால் யார் யார் என்ன செய்தார்கள், யாருடைய முறையைத் தான் எடுத்துக்கொண்டார், யாருடைய முடிவோடு தன் முடிவு ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்றெல்லாம் குறிப்பிட்டு, கடைசியில் அந்தக் கட்டுரைகளின் பட்டியலைத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை ஒருமுறை வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். 3,860 மேற்கோள் என்றால், இவருடைய 142 கட்டுரைகளும் சேர்ந்து மற்றக் கட்டுரைகளின் பட்டியல்களில் 3,860 முறை வந்திருக்கின்றன. வகுத்துப் பார்த்தால் கட்டுரைக்கு 27 வரும். ஆனால் இந்தச் சராசரியால் பெரிய பயன் இல்லை. மேற்கோள்கள் ஒருபோதும் சமமாகப் பிரிந்து விழுவதில்லை. சில கட்டுரைகள் அள்ளிக்கொண்டு போகும், பல கட்டுரைகள் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு உண்டு. 2014-இல் நேச்சர் இதழ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளத்தில் இருந்த சுமார் 5.8 கோடி பதிவுகளையும் எடுத்துப் பார்த்தது. ஆயிரம் மேற்கோளைத் தாண்டியவை அதில் 14,499 மட்டுமே. அத்தனை கோடியில் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர். அமெரிக்க வக்கீல்களிடம் 1873-லிருந்தே ஒரு புத்தக வழக்கம் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன, எவை தள்ளிவிட்டன என்று பட்டியல் போட்டு வைப்பார்கள். இதையே அறிவியல் கட்டுரைகளுக்கும் செய்யலாமே என்று கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். 1960-இல் பிலடெல்பியாவில் ஒரு நிறுவனம் தொடங்கி, 1964-இல் முதல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய முதல் நோக்கம் தேடல்தான். ஒரு கட்டுரை கையில் கிடைத்தால், அதற்குப் பிறகு அந்த விஷயம் எங்கே போயிற்று என்று நூல் பிடித்தாற்போல் போய்ப் பார்க்க வேண்டும். ஆளை எடை போடும் தராசாக அது மாறியது அப்புறம்தான்.

இன்று வெப் ஆஃப் சயின்ஸ் அந்த அட்டவணையின் வாரிசு. 2004-இல் ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் என்று மேற்கோளை எண்ணும் இன்னும் இரண்டு தளங்கள் வந்தன. ஒரே விஞ்ஞானிக்கு மூன்றிலும் மூன்று எண் வரும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, இன்னும் ஜர்னலில் வெளிவராத முன்வரைவு என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால் அதில் எண் கூடுதலாகத்தான் இருக்கும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் கணக்கில் எடுக்கும். ஆகவே ஒருவருடைய ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருடைய ஸ்கோப்பஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆச்சி கொண்டுவந்தது ஸ்காலர் கணக்கு. ஐ10 என்று இருந்ததாலேயே அது தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது கூகுள் ஸ்காலர் கொண்டுவந்த எண். பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எத்தனை என்பதுதான் அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சரி, அந்த 31-க்கு வருவோம்.

2005-இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு யோசனை சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள். பிறகு மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். வரிசை எண்ணைவிட மேற்கோள் எண் குறைந்துபோகும் இடத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். நின்ற வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ்.

ஆச்சிக்கு நான் திண்ணையிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். ஒருவருக்குப் பத்துக் கட்டுரைகள். மேற்கோள்கள் 60, 41, 22, 9, 7, 6, 4, 2, 0, 0. முதல் கட்டுரைக்கு 60, அது ஒன்றைவிடப் பெரியது. இரண்டாவதுக்கு 41, சரி. இப்படியே வந்தால் ஆறாவது கட்டுரைக்கு 6, அதுவும் சரி. ஏழாவதுக்கு 4 தான், ஏழை எட்டவில்லை. எனவே இவருடைய எச்-இண்டெக்ஸ் 6. குறைந்தது ஆறு மேற்கோளாவது பெற்ற ஆறு கட்டுரைகள் இவரிடம் இருக்கின்றன என்று பொருள்.

இப்போது இன்னொருவர். நான்கே கட்டுரைகள், மேற்கோள்கள் 900, 3, 1, 0. எண்ணிப் பாருங்கள், எச்-இண்டெக்ஸ் 2 தான் வரும். முதல் ஆளின் மொத்த மேற்கோள் 151, இரண்டாவது ஆளுக்கு 904. ஆனால் எச்-இண்டெக்ஸ் முதல் ஆளைத்தான் உயர்த்திக் காட்டும். ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை இந்த எண் பார்ப்பதே இல்லை. தொடர்ந்து, பல வருடம், பல கட்டுரைகளில் ஓரளவு கவனம் பெற்றவரைத்தான் அது காட்டும்.

“அப்ப இது ஐந்தொகை மாதிரி” என்றார் ஆச்சி. ரொம்பச் சரியான சொல். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடையிலிருந்து ஊருக்கு ஐந்தொகை வரும். மொத்த வரவு செலவு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் சுருங்கியிருக்கும். அதைப் பார்த்தால் கடை நிற்கிறதா சாய்கிறதா என்று தெரியும். யாருக்குக் கொடுத்தோம், அந்தக் கடன் திரும்பி வருமா என்பது தெரியாது. அதற்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். 31 என்பது ஐந்தொகை. அதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, 31 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 31 முறையாவது எடுத்தாளப்பட்டிருக்கின்றன, ஆக 961 மேற்கோளாவது அந்த 31 கட்டுரைகளில் இருக்கிறது என்பது மட்டும்தான். மீதி 2,899 எங்கே கிடக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

இது நல்ல எண்ணா என்று கேட்டால், எந்தத் துறை, எத்தனை வருட வேலை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைய கணக்கில் இயற்பியலாளர்களில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு எச்-இண்டெக்ஸ் 110. உயிரியல், மருத்துவத் துறைகளில் முதலிடத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. மருத்துவ ஆராய்ச்சியில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் பட்டியல் நீளம். பெரிய சந்தையில் பொருள் அதிகம் கைமாறுகிறது, அவ்வளவுதான். நம் காரைக்குடியிலேயே 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம். அங்கே பேட்டரியில் வேலை செய்பவரின் எண்ணையும் இங்கே கணிதத் துறையில் இருப்பவரின் எண்ணையும் ஒரே கோலால் அளந்தால் யாருக்கும் நியாயம் செய்ததாகாது. ஒரே ஊர், ஒரே சாலை, ஆனால் மேற்கோள் வழக்கம் வேறு வேறு.

வயதும் அப்படித்தான். எச்-இண்டெக்ஸ் ஏறும், இறங்காது. ஒருவர் ஆராய்ச்சியை விட்டு ஒதுங்கிப் பத்து வருடம் ஆனாலும் பழைய கட்டுரைகள் மேற்கோள் சேர்த்துக்கொண்டே இருக்கும். எனவே 31-ஐ 12 வருடத்தில் எட்டியவரும் 30 வருடத்தில் எட்டியவரும் ஒன்றல்ல.

அடுத்ததாக நான் ஆச்சியிடம் சொன்னது, மேற்கோள் எதற்காக வருகிறது என்பதைப் பற்றி. என் மனதுக்கு மிகவும் நெருக்கமான இடம் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உலகத்திலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? அதே 2014 கணக்கில் முதலிடம் பிடித்தது 1951-இல் ஆலிவர் லௌரியும் அவர் கூட்டாளிகளும் எழுதியது. மூன்று லட்சம் மேற்கோளைத் தாண்டியது. அது எந்த நோயையும் குணப்படுத்தவில்லை. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். உயிர்வேதியியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும். ஃபோலின் வினைபொருளை ஊற்றிக் காத்திருந்தால் நீல நிறம் வரும். நிறம் ஆழமாக ஆழமாகப் புரதம் அதிகம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வருடா வருடம் அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தவையும் ஆய்வக முறைகள்தான். ஒன்று 1970-இல் லெம்லி புரதங்களைப் பிரித்துக் காட்டிய ஜெல் முறை, மற்றது 1976-இல் பிராட்ஃபோர்டு சொன்ன புரத அளவீடு. டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை முதல் நூறில்கூட இல்லை.

மேற்கோள் எண் ஒரு கட்டுரை எத்தனை பேர் கைக்குப் பயன்பட்டது என்பதைச் சொல்கிறது. அது எவ்வளவு பெரிய உண்மையைச் சொன்னது என்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. லௌரியின் கட்டுரையைக் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ ஆய்வகங்கள் தடுமாறியிருக்கும்.

இதற்கு நேரெதிர் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற நோயியல் மருத்துவர். காலராக் கிருமி உடம்பில் எப்படித் தண்ணீரை வெளியேற்றுகிறது என்பது அப்போது புதிராக இருந்தது. அவர் கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டிவிட்டு, அந்தத் தெளிவான திரவத்தை மட்டும் முயலின் குடலில், இரண்டு பக்கமும் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். குடலில் நீர் நிறைந்தது. கிருமியே இல்லாமல், அது விட்டுச்சென்ற நஞ்சு மட்டுமே வேலையைச் செய்கிறது என்று நிரூபணமாயிற்று. 1959-இல் நேச்சரில் வந்தது அந்தக் கட்டுரை. ஆனால் முதலில் பல வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் பேராசிரியராக இருந்த காலத்தில் இந்த எண்களை வைத்து அவரை எடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். 1978-இல்தான் நோபல் அமைப்பு காலரா பற்றிய ஒரு கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1985-இல் இறந்துபோனார். அடுத்த வருடம் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிப் பெருமைப்படுத்தியவர் வேறு யாருமல்ல, மேற்கோள் கணக்கைத் தொடங்கி வைத்த அதே கார்ஃபீல்டு.

காலராவைப் புரிந்துகொள்ள நடந்த இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளின் வழியில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வந்தது. 1971-இல் வங்கதேச அகதிகள் பொங்கி வந்தபோது, பொங்காவ் முகாமில் ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹாலநாபிஸ் என்ற மருத்துவர் அந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய சிகிச்சையில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதத்தோடு நின்றது. 1973-இல் அவர் எழுதிய கட்டுரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. பிழைத்த குழந்தைகள் எந்த இண்டெக்ஸிலும் ஏறுவதில்லை.

இன்னொன்றும் நடக்கும். ஒரு வேலை அளவுக்கு மீறி வெற்றி பெற்றுவிட்டால், அதை மேற்கோள் காட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1963-இல் தன் கூட்டாளிகளோடு ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எங்கே மடிய முடியாது என்று அது காட்டும். கணினியில் புரத அமைப்பு பார்க்கும் ஒவ்வொரு மாணவரும் ‘ராமச்சந்திரன் பிளாட்’ போட்டுத்தான் தன் வேலையைச் சரிபார்க்கிறார். ஆனால் கட்டுரையில் அந்தப் பெயரை மட்டும் எழுதிவிட்டு, 1963 கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறவர்கள் ஏராளம். அது பொது அறிவாகிவிட்டது. நாம் ஆலமரத்தடியில் உட்காரும்போது நட்டவர் பெயரைக் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

மறுபக்கமும் உண்டு. 1998-இல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை மட்டும் வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். தப்பான கட்டுரை. 2010-இல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அது எக்கச்சக்கமான மேற்கோள் சேர்த்துவிட்டது, இன்னும் சேர்க்கிறது. பெரும்பாலானவை அதை மறுப்பதற்காக வந்தவை. எண்ணும் இயந்திரத்துக்குப் பாராட்டும் ஒன்றுதான், கண்டனமும் ஒன்றுதான்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஒன்று உண்டே என்று பேத்தி இடையில் கேட்டாள். அது ஆளுடைய எண் அல்ல, ஜர்னலுடைய எண். ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பது. சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். படிகவியலுக்கு ஆக்டா கிரிஸ்டல்லோகிராஃபிகா ஏ என்று ஒரு ஜர்னல். அதன் இம்பாக்ட் ஃபேக்டர் வழக்கமாக இரண்டையொட்டி இருக்கும். 2009-இல் திடீரென்று 49.9 ஆனது. காரணம், 2008-இல் அதில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. அவருடைய மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் வெளிவந்த மற்றவர்களுக்கும் 49.9 என்ற மதிப்பு ஒட்டிக்கொண்டது. ஜர்னலின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் ஒரு பிரகடனமே எழுதினார்கள். டோரா என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அப்படியிருந்தும் நம் ஊர் நேர்காணல்களில் இன்னும் முதல் கேள்வியே ‘இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு’ என்பதுதான். மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பெயர் வரிசையையும் பார்க்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர், பெரும்பாலும் ஆய்வகத்தில் கையை நனைத்து வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் வருபவர்களின் பங்கு பெரியதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியைக் கொடுத்து உதவியதோடு நின்றிருக்கவும் கூடும். எச்-இண்டெக்ஸ் இதையெல்லாம் பிரித்துப் பார்க்காது. இருபது பேர் எழுதிய கட்டுரையில் பதினொன்றாவது பெயருக்கும் முழு மேற்கோள்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை 1925-இல் வந்தது, ஆயிரக்கணக்கான மேற்கோள் பெற்றது. அதில் அவர் இரண்டாவது பெயர். ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. பிறகு மருந்துக் கம்பெனிக்குப் போய், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதலில் பயன்பட்ட மருந்துகளை உருவாக்கிய குழுவை அவர்தான் நடத்தினார்.

பெயர் என்றதும் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். தாத்தா பெயர் பேரனுக்கு. ஊருக்கு ஊர் மெய்யப்பனும் சிதம்பரமும் லெட்சுமணனும் இருப்பார்கள். அதனால்தான் நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் விலாசம் என்று எழுத்துக்கள் போடுவார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். தரவுத்தளத்துக்கு இந்த நுணுக்கம் தெரியாது. இனிஷியல் முன்னால் வந்தால் ஒரு ஆள், பின்னால் வந்தால் வேறு ஆள், விரித்து எழுதினால் மூன்றாவது ஆள். ஒருவருடைய மேற்கோள் நான்கு பேருக்குச் சிதறும், நான்கு பேருடையது ஒருவருக்குச் சேரும். இதைத் தீர்க்க 2012-இல் ஆர்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது. இலவசம்தான். விஞ்ஞானியின் விலாசம் என்றே சொல்லலாம். பேத்தியிடம் அன்றே பதிந்துகொள்ளச் சொன்னேன். முதல் கட்டுரை வருவதற்கு முன்பே பெயரை ஒரே மாதிரி எழுதும் பழக்கம் வேண்டும்.

“தனக்குத் தானே எழுதிக்க முடியுமா?” என்று ஆச்சி கேட்டார். முடியும். தன் முந்தைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது தவறில்லை, தொடர்ந்து ஒரே விஷயத்தில் வேலை செய்பவர் காட்டத்தான் வேண்டும். அளவு மீறினால்தான் சந்தேகம். ஸ்கோப்பஸில் சொந்த மேற்கோளைக் கழித்துவிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அதைவிட மோசம், சிலர் கூட்டுச் சேர்ந்து நான் உன்னை, நீ என்னை என்று மாறி மாறி மேற்கோள் காட்டிக்கொள்வது. புதுக்கோட்டைப் பக்கம் கீரமங்கலம், வடகாடு ஊர்களில் மொய் விருந்து நடக்கும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது அங்கே ஒழுக்கம், செய்யாவிட்டால்தான் இழுக்கு. மேற்கோளில் அது தலைகீழ். திருப்பிச் செய்யும் எண்ணத்தோடு எழுதப்படும் மேற்கோள் பொய்க் கணக்கு.

இதையெல்லாம் ஓரளவு கணக்கில் எடுத்துக்கொண்டு ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2019-லிருந்து ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று நம் பத்திரிகைகளில் படத்தோடு வருமே, அதுதான். ஆறு அளவுகளைச் சேர்த்து, முதல் பெயரா கடைசிப் பெயரா என்பதையும் பார்த்து, சொந்த மேற்கோளைக் கழித்தும் கழிக்காமலும் காட்டுகிறார்கள். எச்-இண்டெக்ஸை மட்டும் பார்ப்பதைவிட மேல். ஆனாலும் அதுவும் எண்ணிக்கைதான்.

அப்புறம் நாங்கள் மூவரும் சேர்ந்து அந்தப் பேராசிரியரின் பேரேட்டையே புரட்டினோம். கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்கச் சொன்னேன். முதலில் நின்றது ஒரு ரிவ்யூ கட்டுரை, அதாவது மற்றவர்களின் வேலைகளைத் தொகுத்துச் சொல்வது. மொத்த மேற்கோளில் கால் பங்குக்கு மேல் அது ஒன்றிலேயே இருந்தது. ரிவ்யூவுக்கு மேற்கோள் அதிகம் வருவது இயல்பு. அது குற்றமில்லை, ஆனால் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வருட வரிசையில் மாற்றி, கடைசி ஐந்து வருடத்தை மட்டும் பார்த்தோம். முதல் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன, பெரும்பாலும் மாணவர்கள். எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடத் திருப்தி தந்தது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா என்று தேடினோம், இல்லை. யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நான்கைந்தைத் திறந்து பார்த்தோம். வேறு நாட்டு ஆய்வகம் ஒன்று இவருடைய முறையை எடுத்து, தங்கள் செல்களில் செய்து, அதே முடிவு வந்ததாக எழுதியிருந்தது. ஒரே மேற்கோள்தான், ஆனால் நான் அதைப் பத்து மேற்கோளுக்குச் சமமாக வைப்பேன். பேத்தி மூன்று கட்டுரைகளைப் படிக்க எடுத்துக்கொண்டாள். புரிகிறதா, அந்தக் கேள்வி தனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

எழுந்து போகும்போது ஆச்சி தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, இவர்கிட்டச் சேர்ந்து, முடிக்காமப் பாதியில போன பிள்ளைக எத்தனை? அது இதுல எங்க இருக்கு?”

அதற்கு இந்தத் தாளில் இடம் இல்லை ஆச்சி என்றேன். வேறு எந்தத் தாளிலும் இல்லை.

பேத்தி அன்று மாலையே, பழைய கட்டுரைகளில் முதல் பெயராக இருந்த இரண்டு பேருக்கு மெயில் எழுதினாள். ஒருவர் பதில் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை இரவு போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.